வெள்ளை அடை

தேன்காரர் வீட்டு முற்றத்தில் அந்த வாரம் இரண்டு வண்டிகள் நின்றன. ஒன்று சிவப்பு, இன்னொன்று சாம்பல். இரண்டும் நாலு சக்கர மலைவண்டிகள். மோட்டார் சைக்கிளில் உட்காருவது போலக் கால் போட்டு உட்கார வேண்டும். சக்கரங்கள் மட்டும் டிராக்டருக்குத் தங்கச்சி மாதிரி இருக்கும். முன்னும் பின்னும் சுமை கட்டக் கம்பித்தட்டு. இரண்டுக்கும் ஆயிரம் சிசி எஞ்சின். இரண்டில் ஒன்றைத்தான் வாங்க முடியும்.

நான் அவர்கள் வீட்டு மாடியில் குடியிருந்தேன். என் மனைவி இறந்தபின் பழைய வீட்டைக் காலி செய்துவிட்டு வந்த இடம். ஒரே அறை. ஜன்னலைத் திறந்தால் முற்றம், தகரக் கொட்டகை, அதற்கு அப்பால் மலை. கீழே பேசுவதெல்லாம் மேலே கேட்கும். காதைப் பொத்திக்கொள்ள எனக்குக் காரணம் இல்லை.

வீட்டில் மூன்று பேர். தேன்காரர், அவர் மனைவி, அவருடைய தங்கை. தங்கை தையல்காரி. தேன் எடுக்கும்போது போட்டுக்கொள்ளும் வலைத் தொப்பிகளை அவள்தான் தைத்தாள். வெளியாருக்கும் தைத்து விற்றாள். தையல் மிஷினை நிறுத்தாமலே பேசுவாள், ஊசியைவிட அவள் வாய் கூர்மை. மனைவியை நான் அக்கா என்று கூப்பிட்டேன். தெருவில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

மலையடியில் பூ முடியும்போது மலைமேல் பூ தொடங்கும். அந்தச் சமயத்தில் தேனீப் பெட்டிகளை மேலே கொண்டுபோய் வைக்க வேண்டும். போன வருஷம் தேன்காரர் பழைய வண்டியில் பெட்டி ஏற்றிக்கொண்டு போனார். பாதி வழியில் பாறை, படிபடியாகப் பல்வரிசை மாதிரி நிற்கும் ஒரு வளைவு உண்டு. அதைப் பல்லு என்பார்கள். அங்கே வண்டி பின்பக்கமாகக் கவிழ்ந்தது. வண்டி பள்ளத்தில் போயிற்று. அவருடைய இடுப்பெலும்பு உடைந்தது. அந்த வருஷம் பெட்டிகள் மேலே போகவில்லை. பூ இல்லாத இடத்தில் ஈ எத்தனை நாள் இருக்கும்? சர்க்கரைப் பாகு வைத்தும் பாதிக் கூட்டம் பறந்துவிட்டது. இந்த வருஷமும் போகாவிட்டால் மீதியும் போகும். அப்புறம் அந்த வீட்டில் தேன் என்ற பேச்சே இருக்காது.

அவர் எழுந்து நடக்கத் தொடங்கியபோது இடது கால் இழுத்தது. இனி வண்டி ஓட்டக் கூடாது என்றார்கள். ஆகவே ஓட்டப்போவது அக்கா. ஆகவே வண்டியும் அக்காவின் கைக்கு அமைய வேண்டும். இதுவரை எல்லோருக்கும் ஒரே கருத்து.

சிவப்பு வண்டியை விற்றவர் ஒரு பெரியவர். பல்செட் கட்டியவர். எஞ்சின் ஆயில் என்று ஆரம்பித்தால் ஆயில் பூமிக்கடியில் உண்டான நாளிலிருந்து வருவார். சாம்பல் வண்டியை விற்றவன் ஒரு சுருட்டைமுடிக்காரன். பந்தயங்களில் ஓட்டியவன் என்று சொல்லிக்கொண்டான். தொடை தெரியும்படி கிழிந்த கால்சட்டை போட்டிருந்தான். தையல்காரி முதல் நாளே, கழட்டிக் கொடுத்தால் இலவசமாகத் தைத்துத் தருவதாகச் சொல்லிவிட்டாள். அவன் சிரித்தான். அக்காவும் சிரித்தாள். தேன்காரர் சிரிக்கவில்லை.

ஓட்டக் கற்றுக்கொடுத்தது சுருட்டைதான். மலைப்பாதைத் தொடக்கத்தில் அக்காவைச் சாம்பல் வண்டியில் ஏற்றினான். பின் தட்டில் குந்திக்கொண்டு, இரண்டு பக்கமும் கையை நீட்டி, கைப்பிடியில் இருந்த அவள் கைமேல் தன் கையை வைத்து, எவ்வளவு முறுக்க வேண்டும் என்று காட்டினான். இறக்கத்தில் பிரேக்கைப் பிடிக்காமல் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும்படி விடச் சொன்னான். அது ஒரு வித்தை. அக்காவுக்குச் சட்டென்று வந்துவிட்டது. பல்லு வரைக்கும் போய், அதையும் ஏறித் திரும்பி வந்தபோது அவள் முகம் சிவந்து, வாய் நிறையச் சிரிப்பு இருந்தது.

கொட்டகையில் தேன்பெட்டிக்கு மரச்சட்டம் அடித்துக்கொண்டிருந்த தேன்காரர் ஆணியை வளைத்துவிட்டார். பிடுங்கி நிமிர்த்தினார். மறுபடி வளைத்தார்.

சாயந்திரம் என்னைக் கூப்பிட்டு இரண்டு வண்டிகளின் விவரத்தாள்களையும் கையில் கொடுத்தார். நீங்க படிச்சவரு, எது மேல்னு சொல்லுங்க என்றார். நான் உட்கார்ந்து பார்த்தேன். எடை, உயரம், வண்டியடிக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி, இழுவை. ஒன்றில் கூடினது இன்னொன்றில் குறைந்தது. சாம்பல் எடை குறைவு, ஸ்பிரிங் நீளம். சிவப்பு கனம், தட்டு தாழ்வு, பின்னால் ஒரு ஆள் உட்காரச் சீட்டும் உண்டு. தாளை வைத்துச் சொல்ல முடியாது என்றேன்.

அவர் தாளை வாங்கி மடித்தார். வேறு ஏதோ சொல்ல வந்தவர் போலத் தெரிந்தது.

"தம்பி, ஒண்ணு கவனிச்சீங்களா? அவள எல்லாரும் அக்கான்னுதான் கூப்பிடறாங்க. நீங்க கூப்பிடறீங்க. பால்காரன் கூப்பிடறான். என்னைவிட மூத்தவரு தபால்காரரு, அவரே அக்காங்கறாரு. இவனுக்கு மட்டும் வாய் வரல பாருங்க. மேடமாம்."

"விக்க வந்தவங்க அப்படித்தான் பேசுவாங்க."

"பெரியவரும்தான் விக்க வந்திருக்காரு. அவரு அம்மாங்கறாரு."

மறுநாளிலிருந்து பெரியவருக்கு இரண்டு தடவை டீ வந்தது. ஆயில் கதையைத் தேன்காரர் முழுசாகக் கேட்டார். சுருட்டை வந்தால் கொட்டகைக்குள் ஏதோ வேலை இருந்தது. ஆனால் கொட்டகைக் கதவை அவர் சாத்தவில்லை. அங்கிருந்து முற்றம் முழுதும் தெரியும்.

சாப்பாட்டுக்கு என்னையும் கூப்பிடுவார்கள். ரொட்டி, உருளைக்கிழங்கு, கடைசியில் ஒரு கரண்டி தேன். அங்கேயும் வண்டிதான் பேச்சு. சாம்பல் பஞ்சு மாதிரி போகிறது, பல்லிலேயே குலுங்கவில்லை, அதையே எடுக்கலாம் என்றாள் அக்கா. சிவப்பில் பின்சீட்டு இருக்கிறதே என்றார் அவர்.

"யாரு உக்காரப் போறா?"

"நான்தான்."

"பெட்டிய எங்க வைக்கறது? உங்க மடியிலயா?"

தையல்காரி தட்டைத் தள்ளிவைத்துச் சிரித்தாள். பிறகு, "அண்ணே, நீ வண்டியப் பாக்குறியா, வண்டிக்காரனப் பாக்குறியா?" என்றாள்.

அவர் எழுந்து கை கழுவப் போனார். கால் அதிகமாக இழுத்தது. அக்கா அவர் போவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மாடிக்குப் போனேன். எனக்குப் பொறாமையாக இருந்தது. கண்ணை எடுக்காமல் காவல் காக்க அவருக்கு ஒருத்தி இருந்தாள்.

கடைசியில் அக்கா ஒரு வழி சொன்னாள். வெறும் வண்டியை ஓட்டிப் பார்த்துப் பிரயோஜனம் இல்லை. சுமை ஏற்றிப் பார்க்க வேண்டும். கல்லை நிரப்பி ஓட்டலாமே என்றார் பெரியவர்.

"கல்லுக்கு என்ன தெரியும்? தேனடை உடையுதா இல்லையான்னு அடைதான் சொல்லணும்" என்றாள்.

இரண்டு வண்டிக்கும் நாலு நாலு பெட்டி. மூன்றில் எடைக்குக் கல். நாலாவதில் ஈயை விரட்டிவிட்டு, தேன் நிறைந்த அடைகளை மட்டும் வைப்பது. பல்லைத் தாண்டி மேல்மட்டம் வரை போய்த் திரும்பி வருவது. எதில் அடை முழுசாக இருக்கிறதோ அது. இரண்டு விற்பனைக்காரர்களும் ஒத்துக்கொண்டார்கள்.

அடை எடுப்பது தேன்காரர் வேலை. வண்டி ஓட்ட முடியாவிட்டாலும் பெட்டியைத் திறந்தால் அவர் வேறு ஆள். கால் இழுப்பதுகூடத் தெரியாது. காலையில் நான் கூடப் போய்ப் புகை போட்டேன். அவர் சட்டங்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். சில அடைகள் வெள்ளை வெளேரென்று இருந்தன. சில காப்பித்தூள் நிறத்தில் கறுத்திருந்தன. ஏன் இந்த வித்தியாசம் என்று கேட்டேன். வெள்ளை இந்தப் பருவத்துப் பூவுக்குப் புதிதாகக் கட்டினது என்றார். கறுப்பு பழசு. குஞ்சு பொரித்துப் பொரித்துப் போன அறைகள், உள்ளே பட்டு மாதிரிப் படிந்து படிந்து தோல் போல ஆகிவிடும், லேசில் உடையாது. சொல்லிக்கொண்டே விரலால் ஒரு வெள்ளை அடையின் ஓரத்தை அழுத்தினார். வெண்ணெய் மாதிரி உள்ளே போயிற்று.

புல் கட்டால் ஈயைத் துடைத்துவிட்டு அடைகளைப் பெட்டியில் இறக்கினார். இரண்டு பெட்டிகளையும் மூடிக் கயிறு போட்டார். இதை அங்கே, இதை இங்கே என்று என்னிடம் கொடுத்தார். நான் தூக்கிக்கொண்டுபோய் வைத்தேன்.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. காற்று இல்லை. அக்கா முதலில் சிவப்பில் போனாள். எஞ்சின் சத்தம் மலையில் மறைந்து, வெகுநேரம் கழித்துத் திரும்பி வந்தது. இறங்கிச் சாம்பலில் ஏறினாள். சுருட்டை பெட்டிக் கயிற்றை இழுத்துப் பார்த்துவிட்டு, "பதறாதீங்க மேடம், வண்டியே உங்களக் கூட்டிட்டுப் போகும்" என்றான். தேன்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சாம்பல் திரும்பி வந்து நின்றதுமே தெரிந்துவிட்டது. பெட்டியின் அடியிலிருந்து தேன் ஒழுகிக் கம்பித்தட்டில் சொட்டிக்கொண்டிருந்தது. எறும்புக்கு முன்னால் ஈக்கள் வந்துவிட்டன. சிவப்பின் பெட்டியைத் தேன்காரரே திறந்தார். ஒரு அடைகூட அசையவில்லை. பெரியவர் பல்செட் தெரியச் சிரித்தார். தேன்காரர் சுருட்டையிடம், வண்டியை எடுத்துக்கொண்டு போகலாம் என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். இரண்டு தடவை சொன்னார்.

அக்கா சாம்பலின் பெட்டியில் கையை விட்டு ஒரு துண்டு அடையை எடுத்தாள். நக்கப்போகிறாள் என்று நினைத்தேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அப்புறம் நடந்துபோய்ச் சிவப்பின் பெட்டியிலிருந்து ஒரு சட்டத்தைத் தூக்கினாள். அடுத்ததைத் தூக்கினாள். அதையும் வைத்தாள். எல்லாம் கறுப்பு. அவள் கையில் இருந்தது வெள்ளை. தேன் விரலிடுக்கில் வழிந்து முழங்கைக்கு வந்தது.

தேன்காரர் அவளைப் பார்த்தார். அவ்வளவு பேர் நின்ற முற்றத்தில் அவர்கள் இரண்டு பேருக்கும் எனக்கும் மட்டும் அது தெரிந்தது.

"நான் கயித்தச் சரியா இறுக்கல போலிருக்கு" என்றாள் அக்கா, சுருட்டையிடம். "வண்டி மேல தப்பு இல்ல."

அவன் சாம்பலை எடுத்துக்கொண்டு போனான். பெரியவர் காகிதங்களை நாளை கொண்டுவருவதாகச் சொல்லிப் போனார். அக்கா ஒரு வாளித் தண்ணீரில் கையைக் கழுவினாள். உடைந்த அடைகளைத் துணியில் போட்டுப் பிழிந்தாள். அவர் வந்து பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டார். நான் படியேறினேன். ஜன்னல் திறந்தே இருந்தது.

தேன் பாத்திரத்தில் விழும் சத்தம்கூடக் கேட்டது. அப்புறம் அவர்தான் தொடங்கினார்.

"நீ அவனப் பாத்துச் சிரிச்ச."

"எப்ப?"

"பல்லு வரைக்கும் போயிட்டு வந்தியே, அன்னிக்கு. வாயெல்லாம் பல்லா வந்த."

அக்கா பிழிவதை நிறுத்தினாள்.

"உங்க எலும்பு உடைஞ்ச இடம்ங்க அது. அந்த வளைவு வந்தாலே நீங்க விழுந்ததுதான் கண்ணுல வரும். அன்னிக்கு வண்டி ஏறிடுச்சு. நான் கீழ விழல. அதுக்குச் சிரிச்சேன். பின்னால யாரு குந்தியிருந்தான்னே எனக்கு ஞாபகம் இல்ல."

அவர் பாத்திரத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அடை உடைஞ்சா ஈ என்ன ஆகும்னு எனக்குச் சொல்லிக் கொடுத்தது நீங்கதான். தப்பான வண்டியில நான் மேல போயிருந்தா? கூட்டம் மொத்தமும் செத்துப்போயிருந்தா? அப்ப யாரப் பாத்துச் சிரிச்சேன்னு கேட்டிருப்பீங்க?"

கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகக் கேட்டாள். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை என்று நினைக்கிறேன்.

"இப்ப என்ன செய்யணுங்கற?"

"திரும்பவும் ஓட்டணும். ரெண்டுலயும் வெள்ளை அடை, ஒரே கூட்டத்துல எடுத்தது. நீங்கதான் வைக்கணும். எல்லாரும் பாக்க வைக்கணும். அந்தாள நீங்களே கூப்பிடுங்க."

"நானா?"

"போகச் சொன்னது யாரு?"

அவர் போனை எடுத்துக்கொண்டு முற்றத்தின் கோடி வரைக்கும் போனார், அங்கிருந்து பேசினார். நொண்டிக்கொண்டே நடந்தபடி பேசினார். அவ்வளவு தூரத்தில் பேச்சு அரைகுறையாகத்தான் கேட்டது. தம்பி என்று அவர் சுருட்டையைக் கூப்பிட்டது மட்டும் தெளிவாகக் கேட்டது. கீழே தையல் மிஷின் நின்றிருந்தது. தையல்காரி ஜன்னலில் இருந்தாள்.

மறுநாள் மேகம் போட்டிருந்தது. தேன்காரர் முற்றத்து நடுவில் பெட்டியைத் திறந்து, வெள்ளை அடைகளாக எடுத்து, இதற்கு ஒன்று அதற்கு ஒன்று என்று வைத்தார். சூதாட்டக்காரன் சீட்டைக் காட்டுவது மாதிரி ஒவ்வொன்றையும் தூக்கிக் காட்டினார். எதற்கு இந்தச் சடங்கு என்று பெரியவருக்குப் புரியவில்லை. சுருட்டைக்குப் புரிந்திருக்கலாம். அவன் தேன்காரரை ஒரு தடவை பார்த்தான், அப்புறம் தன் வண்டியின் சக்கரத்தைப் பார்த்தான்.

அக்கா இரண்டையும் ஓட்டினாள். இந்தத் தடவை சாம்பல் முதலில்.

சாம்பலின் பெட்டியைத் திறந்தபோது பாதி அடைகள் விழுந்து கிடந்தன. சிவப்பின் பெட்டியில் ஒன்றின் ஓரத்தில் கீறல், அவ்வளவுதான். மற்றவை வைத்தது வைத்தபடி தொங்கின.

தேன்காரர் இரண்டு பெட்டிக்குள்ளும் மாறி மாறிப் பார்த்தார். நம்பாதவர் மாதிரி இருந்தது அவர் முகம்.

"வெறும் வண்டியா ஓட்டினப்ப பஞ்சு மாதிரிதான் இருந்துச்சு" என்றாள் அக்கா. "சுமை ஏறினதும் ஸ்பிரிங் முழுசா அமுங்கிடுது. ஒவ்வொரு பல்லுலயும் அடியில போய் இடிக்குது. சிவப்பு அப்படி இல்ல. சுமை இருந்தாத்தான் அது ஒழுங்கா உக்காருது."

சுருட்டை தலையாட்டினான். இது பந்தயத்துக்குச் செய்த வண்டி, ஆளை மட்டும் ஏற்றிக்கொண்டு பறக்கும், மூட்டை முடிச்சு அதற்கு ஆகாது என்று ஒத்துக்கொண்டான். பெட்டியை அவனே இறக்கிவைத்தான். ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகும்போது, "வரேங்க்கா" என்றான்.

தேன்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

அன்று ரொட்டி ஆறிப்போனது. யார் கையும் தட்டுக்கு வரவில்லை. சிவப்பை வேண்டாம் என்று சொன்னவர் தேன்காரர்.

"சாம்பலையே வாங்கிடலாம்."

"எதுக்கு?"

"உனக்குப் பிடிச்சிருக்குல்ல?"

"எனக்குப் பிடிச்சதுக்காக அடை உடையணுமா?"

"ஸ்பிரிங்க மாத்திக்கலாம். ஏதாவது செய்யலாம்."

"நேத்து வரைக்கும் சிவப்பு சிவப்புன்னு ஒத்தக்கால்ல நின்னீங்க."

"நிக்க இருந்ததே ஒத்தக்கால்தான" என்றாள் தையல்காரி. ஒருவரும் சிரிக்கவில்லை. அவளே கொஞ்சம் சிரித்துவிட்டு ரொட்டியைப் பிய்த்தாள்.

தேன்காரர் தட்டைப் பார்த்தபடி சொன்னார். "சிவப்ப வாங்கினா நான் ஜெயிச்ச மாதிரி ஆயிடும். அந்த வண்டியப் பாக்கும்போதெல்லாம் எனக்கு..."

"ஜெயிச்சிருக்கலாமே" என்றாள் அக்கா. "சும்மா இருந்திருந்தா நேராவே ஜெயிச்சிருப்பீங்க."

அக்கா அவர் தட்டில் ஒரு கரண்டி தேன் ஊற்றினாள். முந்தின நாள் பிழிந்த தேன். மெழுகுத் தூள் மிதந்தது. அவர் தொட்டுச் சாப்பிட்டார்.

சிவப்பு வீட்டுக்கு வந்தது. சோதனையின்போது பெட்டிகளைப் பின்சீட்டின் மேலேயே கட்டியிருந்தார்கள். இனி நேராகத் தட்டிலேயே கட்ட இடம் வேண்டியிருந்ததால் அக்கா ஸ்பேனரை எடுத்துக்கொண்டு பின்சீட்டைக் கழற்றினாள். முதல் போல்ட் வரவில்லை. அவர் வந்து ஸ்பேனருக்குக் குழாய் மாட்டித் திருகிக் கொடுத்தார். அந்தச் சீட்டை எடுத்துப்போய்க் கொட்டகைச் சுவரோரம் இரண்டு செங்கல்மேல் வைத்துக்கொண்டார். அதிலேயே உட்கார்ந்து சட்டம் அடித்தார். அங்கிருந்து மலைப்பாதை நேராகத் தெரியும்.

விடிகாலைக் குளிரில், ஈ வெளியே வராதபடி வாசலைப் புல்லால் அடைத்த பெட்டிகள் நாலு நாலாக மேலே போயின. வண்டி பல்லில் ஏறும்போது எஞ்சின் சத்தம் மாறும். அவர் சுத்தியலை நிறுத்திக் கேட்பார். சத்தம் பழையபடி ஆனதும் மறுபடி அடிப்பார். ஒரு பெட்டிகூட உடையவில்லை. மேலே பூ நன்றாக இருந்தது.

முதல் சர்வீஸுக்குப் பெரியவர் தாமே வந்தார். ஆயிலை மாற்றினார். மாற்றிக்கொண்டே ஆயில் கதையைத் தொடங்கினார். இந்தத் தடவை அது ஏதோ ஒரு பாலைவனத்தில் அவர் பல்செட்டைத் தொலைத்த கதையாகத் திரும்பிவிட்டது. அக்கா வண்டியில் சாய்ந்து நின்று கேட்டாள். முதலில் வாயைப் பொத்திச் சிரித்தாள். அப்புறம் பொத்தாமல் சிரித்தாள். நான் கொட்டகைப் பக்கம் நின்றிருந்தேன்.

தேன்காரர் சுத்தியலைக் கீழே வைத்தார்.

"ஆயில் மாத்த எவ்ளோ நேரம் ஆகும்?"

"அவருக்கு எழுபது வயசுக்கு மேல இருக்கும்" என்றேன்.

"இருக்கட்டுமே. பல்லு கட்டினவனுக்குப் பேச்சு எதுக்கு இவ்ளோ?"

எனக்குச் சிரிப்பு வந்தது. ரொம்ப நாளைக்கு அப்புறம் வந்ததால் எப்படி முடிப்பது என்று தெரியவில்லை. அக்கா அங்கிருந்தே எங்களைப் பார்த்துவிட்டாள்.

"ஏங்க, அங்கருந்து என்ன பாக்குறீங்க? இங்க வாங்க. இவரு சொல்றத நீங்களும் கேளுங்க."

அவர் எழுந்தார். காலை இழுத்துக்கொண்டு முற்றத்தைக் கடந்தார். அவர் நிற்பதற்குள் அக்கா வண்டியின் மேலிருந்த துணியை எடுத்துவிட்டு இருக்கையைத் தட்டினாள். அவர் கொஞ்சம் தயங்கி, உடைந்த இடுப்பைத் தூக்கிப் போட்டு ஏறி உட்கார்ந்தார். கைப்பிடியைத் தொடவில்லை. அக்கா பக்கத்தில் நின்றுகொண்டு அவர் தோளில் முழங்கையை ஊன்றினாள். பெரியவர் கதையை முதலிலிருந்து தொடங்கினார்.

கொட்டகையோரம் பின்சீட்டு காலியாகக் கிடந்தது. போய் உட்கார்ந்தேன். ஒருவருக்கு மட்டும் இடம் உள்ள சீட்டு. அவர் உட்கார்ந்திருந்த சூடு இன்னும் இருந்தது.